விட்ட பஸ்களின் கணக்கு

திருப்பூர்
14-6-1987

அன்புள்ள மயிலாத்தாளுக்கு நஞ்சம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். ஊத்துக்குளியில் நீயும் மாப்பிள்ளை கன்னையனும் உங்கள் எருமைகளும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை இருக்கட்டும்.

ஏழு வருஷமாகப் பேசாதவள் திடீரென்று எதற்கு எழுதுகிறாள் என்று நீ கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நாம் ஒன்றும் பார்த்துக்கொள்ளாமல் இல்லை. கல்யாண வீட்டில் பார்த்தோம், இழவு வீட்டில் பார்த்தோம். "சாப்பிட்டியா?" "ஆச்சு." அதோடு சரி. அக்கா மகளும் தங்கச்சி மகளும் ஒரே பெஞ்சில் பத்து வருஷம் உட்கார்ந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

எழுதுவதற்குக் காரணம் இந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் பனியன் கம்பெனியில் செல்லத்தாய் என்று ஒருத்தி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள், ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறாள். பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் பட்டையின் இரண்டு முனையையும் சேர்த்து வளையமாகத் தைப்பது அவள் வேலை. நேற்று ஒரு பட்டை முறுக்கிக்கொண்டதைக் கவனிக்காமல் தைத்துவிட்டாள். நான் செக்கிங்கில் இருக்கிறேன். தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். மாஸ்டர் வந்து, "ஏனுங்கம்மணி, கண்ணெ எங்கெ வெச்சிருக்கறீங்க?" என்று கத்தினார். (நம் ஊர்க் கோபம் உனக்குத் தெரியும், திட்டும்போதும் 'ங்க' விட்டுப்போகாது.) "தெரியாமச் செஞ்சிட்டேன்ணே" என்று செல்லத்தாய் அழுதாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பட்டையின் மேல் பக்கத்தில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டே போனேன். கோடு உள் பக்கம் போய், மறுபடி மேல் பக்கம் வந்து, தொடங்கிய இடத்திலேயே முட்டியது. அந்தப் பட்டைக்கு உள், வெளி என்று இரண்டு பக்கமே இல்லை மயிலா, ஒரே பக்கம்தான்! சுற்றிலும் நாற்பது பேர் இருந்தார்கள். இதைக் காட்டிக் குதிப்பதற்கு ஒருத்தி இல்லை. குதிக்கத் தெரிந்த ஒருத்தி ஊத்துக்குளியில் மோர் கடைந்துகொண்டிருக்கிறாள்.

பட்டையை இதோடு வைத்திருக்கிறேன். நடுவில் நீளவாக்கில் சுற்றிலும் வெட்டினால் எத்தனை வளையம் வரும்? வெட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

நம் பழைய சட்டம் ஞாபகம் இருக்கும். புதிரில் தோற்றவள், ஜெயித்தவள் கேட்கிற ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நீ தோற்றால் கேட்கப்போவதை இப்போதே எழுதிவிடுகிறேன். எண்பதாம் வருஷம் தை மாதம் கோயமுத்தூரில் கணக்குப் புதிர்ப் போட்டி. இரண்டிரண்டு பேராகத்தான் சேர்ப்பார்கள். நம் பள்ளிக்கூடத்துக்கு நீயும் நானும். காலை ஏழு மணிக்குப் பொங்கலூர் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுவதாகச் சொன்னாய். மூன்று பஸ்ஸை விட்டேன். நீ வரவில்லை. தனியாகப் போனேன். வாசலில் இருந்த சார், "ஜோடி எங்கம்மா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு கம்பெனிக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ஏன் வரவில்லை? அதுதான் என் கேள்வி.

உனக்கு எழுதுகிறேன் என்று சொன்னதும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கும் உன்மேல் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது.

உன்னைவிட நாற்பது நாள் மூத்தவள்,
நஞ்சம்மாள்

*

ஊத்துக்குளி
2-7-1987

நஞ்சக்காவுக்கு மயிலாத்தாளின் வணக்கம். இங்கே எல்லோரும் நல்ல சுகம். சின்னம்மா உடம்பு எப்படி இருக்கிறது? மூச்சு வாங்குகிறது என்று கேள்விப்பட்டேன். மருந்து சாப்பிடுகிறாளா?

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடைந்துகொண்டிருந்த மத்தை அப்படியே விட்டுவிட்டு எருமைக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துதான் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அப்புறம் அழுதேன். அப்புறம் பட்டையை எடுத்தேன்.

விடை: ஒரே வளையம். ஒரு பக்கம்தான் என்று நீயே சொல்லிவிட்டாய். ஒரே ஒரு ஓரமும்தான் அதற்கு இருக்கிறது, விரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். நடுவில் வெட்டினால் இரண்டாகப் பிரிய அதற்கு வழி இல்லை. நீளம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். இதை எழுதி வைத்துவிட்டுத்தான் கத்தரியை எடுத்தேன், மாரியாத்தா சத்தியம். வெட்டினேன். ஒரே வளையம், கன்றுக்குட்டியின் கழுத்தில் மாலையாகப் போடுகிற அளவுக்கு வந்தது. இப்போதும் அது அதைப் போட்டுக்கொண்டுதான் திரிகிறது. "கன்னுக்கு எதுக்கு பனியன்?" என்று இவர் கேட்கிறார்.

ஆக நான் தோற்கவில்லை. ஐந்து பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவளின் கோபம் நியாயம்தான். ஆனால் கேள்வி அப்படியே இருக்கட்டும்.

இது என் முறை. எட்டுப் படி பால் நிறைய ஒரு கேன். பக்கத்தில் ஐந்து படிச் செம்பு ஒன்று, மூன்று படிச் செம்பு ஒன்று, இரண்டும் காலி. வேறு அளவு கிடையாது. பாலை நாலு நாலு படியாகப் பிரிக்க வேண்டும். எத்தனை தடவை ஊற்றுவாய்? இது எங்கள் வீட்டில் நிஜமாகவே ஒரு நாள் வந்த சிக்கல்.

சின்னம்மாவைக் கேட்டதாகச் சொல். கட்டாயம் சொல்.

மயிலாத்தாள்

*

திருப்பூர்
26-7-1987

அன்பு மயிலாவுக்கு, நாங்கள் நலம். நீங்கள் நலமாக இருப்பதைக் கன்றுக்குட்டியின் அலங்காரத்திலிருந்தே தெரிந்துகொண்டேன்.

ஏழு தடவை. எட்டிலிருந்து ஐந்துக்கு, ஐந்திலிருந்து மூன்றுக்கு, மூன்றை எட்டில் கொட்டி, ஐந்தில் மீந்த இரண்டை மூன்றில் ஊற்றி, மறுபடி எட்டிலிருந்து ஐந்தை நிரப்பி, அதிலிருந்து மூன்றில் குறையும் ஒரு படியை விட்டு, கடைசியில் மூன்றை எட்டில் கொட்டினால் இரண்டிலும் நாலு நாலு. கம்பெனிக் குழாயடியில் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீரை வைத்துச் செய்து பார்த்தேன். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். செல்லத்தாய் என் கையிலிருந்து செம்பைப் பிடுங்கி, "எக்கா, நீ தள்ளு, நான் ஊத்துதேன்" என்று அவளே முடித்தாள். பெல் அடித்தும் யாரும் நகரவில்லை. மாஸ்டர் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தால், "ஆறு தடவைல ஆகாதுங்களா?" என்கிறார்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. காளியாத்தாள் டீச்சர் கரும்பலகையில் ஒரு புதிரை எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். வகுப்பில் ஒரு சத்தம் இருக்காது. முதலில் உன் காலால் என் காலை மிதிப்பாய். 'எனக்குத் தெரிந்துவிட்டது' என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகு எனக்கு மூளையே ஓடாது. அந்த மிதிக்காக இப்போதும் கால் காத்துக்கொண்டிருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். நான் மூன்று பஸ் என்றுதானே எழுதினேன்? ஐந்து என்று நீ எப்படி எழுதினாய்?

என் புதிர்: ஒன்பது பனியன், பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல. ஒன்று மட்டும் மெல்லிய நூலில் நெய்தது, எடை குறைவு. தராசு இருக்கிறது, படிக்கல் இல்லை. இரண்டே தடவை நிறுத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நஞ்சம்மாள்

*

ஊத்துக்குளி
19-8-1987

நஞ்சக்காவுக்கு, ஆடிக் காற்று ஓய்ந்தது, நாங்கள் சுகம். சின்னம்மா சுகம்தானே? நீ போன கடிதத்தில் அவளைப் பற்றித் தனியாக ஒன்றுமே எழுதவில்லை.

ஐந்து என்று எழுதியது கை தவறியிருக்கும். பெரிதுபடுத்தாதே.

மூன்று மூன்றாகப் பிரி. மூன்றுக்கு எதிரில் மூன்றை வை. ஒரு தட்டு மேலே போனால் குறைந்த பனியன் அதில். சமமாக நின்றால் வெளியே இருக்கும் மூன்றில். அந்த மூன்றில் ஒன்றுக்கு எதிரில் ஒன்றை வை. முடிந்தது. இதைச் சொல்லும்போது உன் காலை மிதித்ததாக வைத்துக்கொள்.

இப்போது நான் உன்னைத் தோற்கடிக்கப் போகிறேன். ஆறு இலக்கத்தில் ஒரு எண் இருக்கிறது. அதை இரண்டால், மூன்றால், நாலால், ஐந்தால், ஆறால் எதனால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள்தான் வரும், இடம் மட்டும் மாறி உட்காரும். அந்த எண் என்ன? வருகிற தீபாவளி வரை நேரம் தருகிறேன்.

தோற்றால் இதற்கு உண்மையைச் சொல்: இந்த ஏழு வருஷத்தில் என்னைத் திட்டினாயா?

மயிலாத்தாள்

*

திருப்பூர்
1-11-1987

அன்பு மயிலாவுக்கு, எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. படி ஏறினால் நின்று நின்று ஏறுகிறாள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். நீ கேட்டதாகச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

தோற்றுவிட்டேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நோட்டுப் புத்தகம் தீர்ந்தது. எண் கிடைக்கவில்லை.

கேள்விக்குப் பதில். திட்டினேன். முதல் இரண்டு வருஷம் தினமும் திட்டினேன், செக்கிங்குக்கு வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் திட்டினேன். உனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று, போட்டிக்கு வராதவள் மணமேடைக்கு மட்டும் நேரத்துக்கு வந்துவிடுவாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெரியம்மா முகம் சுண்டிப்போனது. அதற்காக இன்று வரைக்கும் வெட்கமாக இருக்கிறது. அதற்கப்புறம் திட்டவில்லை. ஏதாவது அழகான கணக்கு கண்ணில் படும்போது மட்டும், இதைச் சொல்ல அவள் இல்லையே என்று இருக்கும். திட்டினதைவிட அதுதான் அதிகம் வலித்தது. போதுமா?

இந்தத் தடவை விடமாட்டேன். பூமியின் இடுப்பைச் சுற்றி இறுக்கமாக ஒரு எலாஸ்டிக் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள், நம் ஜட்டிக்கு வைப்பதுபோல. அதை வெட்டி வெறும் ஆறு மீட்டர் துண்டு சேர்த்து ஒட்டுகிறோம். இப்போது சுற்றிலும் ஒரே அளவாகத் தூக்கி நிறுத்தினால், அதன் அடியில் எறும்பு நுழையுமா, எலி நுழையுமா, உன் கன்றுக்குட்டி நுழையுமா? கம்பெனி முழுக்க எறும்புகூட நுழையாது என்கிறது.

நஞ்சம்மாள்

*

ஊத்துக்குளி
6-12-1987

நஞ்சக்காவுக்கு, நாங்கள் நலம், சின்னம்மாவை நினைத்துத்தான் கவலை. இதோடு ஆத்தப்பன் கையில் ஒரு தூக்கு நெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன், எங்கள் தெருக்காரர்தான், திருப்பூருக்குத் தினமும் வருகிறவர். சூடான சோற்றில் ஊற்றிக் கொடு. நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம்.

கன்றுக்குட்டி நுழையும். ஆறை, இரண்டு 'பை'யால் வகுத்தால் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். பூமியின் இடுப்பு எத்தனை பெரிதாக இருந்தால் என்ன, கணக்கில் அது வரவே இல்லை பார்த்தாயா! பூமிக்குக் கட்டினாலும் பூசணிக்காய்க்குக் கட்டினாலும் ஆறு மீட்டர் சேர்த்தால் இடைவெளி அதேதான். விடை வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அது சரி, பூமிக்கு ஆரு எலாஸ்டிக் கட்டறாங்க?" என்றார்.

உனக்குக் கிடைக்காத எண் 142857. ஒன்றை ஏழால் வகுத்தால் வருவது. பெருக்கிப் பார், ஆறு பேரும் நாற்காலி மாற்றி உட்காருவார்கள். ஏழால் பெருக்கினால் மட்டும் எல்லோரும் ஒன்பதாகிவிடுவார்கள்.

நீ சொன்ன உண்மையைப் படித்தேன். அந்த மணமேடைப் பேச்சு அப்போதே என் காதுக்கு வந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. நீ இன்னும் நாலு பேச்சுப் பேசியிருந்தாலும் தகும் என்றுதான் இருந்தது.

நஞ்சக்கா, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எத்தனை புதிர் வேண்டுமானாலும் அனுப்பு, ராத்திரி பகல் உட்கார்ந்தாவது போட்டுவிடுவேன். ஆனால் இந்த விளையாட்டில் நான் தோற்க முடியாது. இப்போது முடியாது. ஏன் என்று கேட்காதே.

மயிலாத்தாள்

*

திருப்பூர்
20-3-1988

மயிலாவுக்கு, மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதினெட்டு நாள் ஆகிறது. பகலில் கம்பெனி, சாயங்காலம் அவள் கட்டில். உன் நெய்யைக் கடைசி வரைக்கும் வழித்துச் சாப்பிட்டாள். யார் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. அவளாகவே, "ஊத்துக்குளி நெய்யா?" என்று கேட்டாள்.

போன வாரம் அவள் நிறையப் பேசினாள். இரண்டு நாளாகப் பேச்சு குறைந்துவிட்டது.

புதிர் இல்லாமல் கடிதம் அனுப்பக் கூடாது. ஒரு கடிகாரம் ஆறு மணி அடிக்க ஐந்து விநாடி ஆகிறது. பன்னிரண்டு அடிக்க எத்தனை விநாடி?

நஞ்சம்மாள்

*

ஊத்துக்குளி
25-3-1988

நஞ்சக்கா, உன் கடிதம் இன்று கிடைத்தது. பதினொரு விநாடி. அடிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் எண்ண வேண்டும். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு, உனக்கு என்ன ஆயிற்று? நீ இவ்வளவு லேசாகப் போடுகிறவள் இல்லையே.

வருகிற புதன்கிழமை வருகிறேன். சின்னம்மாவைப் பார்க்க வேண்டும். அவள் என்னைப் பார்க்க விரும்பாவிட்டால் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

மயிலாத்தாள்

*

திருப்பூர்
12-6-1988

அன்பு மயிலாவுக்கு, நான் சுகமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன்.

நீ வருவதாகச் சொன்ன புதனுக்கு முந்தின நாளே அம்மா போய்விட்டாள். நீ வந்து, பதினாறாம் நாள் வரைக்கும் என் பக்கத்திலேயே இருந்தாய். பாத்திரம் தேய்த்தாய், வந்தவர்களுக்குப் பரிமாறினாய். நாம் இரண்டு பேரும் பேசவில்லை. பழைய 'சாப்பிட்டியா, ஆச்சு'தான். ஆனால் கடைசி நாள் நீ கிளம்பும்போது என் காலை மெதுவாக மிதித்துவிட்டுப் போனாயே, அன்று ராத்திரிதான் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

புதுப் புதிர் யோசிக்க இன்னும் மனசு கூடவில்லை. ஆனால் உன் கடிதம் வர வேண்டும். அதனால் முதல் கடிதத்தில் அனுப்பியதுபோலவே ஒரு பட்டையை முறுக்கித் தைத்து அனுப்புகிறேன். இந்தத் தடவை தைத்தது செல்லத்தாய் இல்லை, நான். நடுவில் வெட்டினால் எத்தனை வளையம்? உனக்குத் தெரிந்த விடைதான். எழுதிப் போடு, போதும்.

நஞ்சம்மாள்

*

ஊத்துக்குளி
18-9-1988

நஞ்சக்காவுக்கு, எல்லோரும் சுகம்.

மூன்று மாதம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

விடை: இரண்டு வளையம்.

தோற்றுவிட்டேன். கேள்.

மயிலாத்தாள்

*

திருப்பூர்
25-9-1988

அடி மயிலாத்தா, சுகமாக இரு.

உன் விடையைப் படித்துவிட்டு நடுத்தெருவில் நின்று அழுதேன். தபால்காரர் பயந்துவிட்டார். கன்றுக்குட்டியின் கழுத்தில் ஒரே மாலையாகப் போட்டவள், வெட்டுவதற்கு முன்பே எழுதி வைத்தவள், இரண்டு என்கிறாள்! காளியாத்தாள் டீச்சர் பார்த்திருந்தால் உன்னை முட்டி போட வைத்திருப்பார்.

ஆனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்கப்போவதில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரியும். மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் அம்மாவே சொல்லிவிட்டாள்.

"நாந்தான் கண்ணு அந்தப் புள்ளெகிட்டப் போயி, நஞ்சாவோட கோயமுத்தூருக்குப் போகாதேன்னு கும்பிட்டேன். நீ ஜெயிச்சா அங்கயே படிக்க வெச்சுருவோம்னு டீச்சர் சொன்னாங்க. அப்பன் போயி ஒரு வருசங்கூட ஆவுல. நீயும் போயிட்டா எனக்கு ஆரு இருக்கறாங்கன்னு பயந்துட்டேன். ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்லெ, சாமி."

இதுதான் அவள் சொன்னது. நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். பொய் சொல்லமாட்டேன், அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. எட்டு வருஷமாக நான் தப்பான ஆள்மேல் வருத்தம் வைத்திருக்கிறேன். சரியான ஆளுக்குத் தினமும் சோறு போட்டிருக்கிறேன். அப்புறம் கஞ்சி ஆறிப்போகுமே என்று உள்ளே போனேன். ஊட்டினேன். குடித்தாள். நான் அவளை மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. தலை வாரி விட்டேன்.

அதற்கப்புறம் உன்னைத் தோற்கடிக்க எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் உயிரோடு இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, உன் சத்தியத்தை நான் உடைக்கக் கூடாது. அதனால்தான் கடிகாரக் கணக்கு. அதனால்தான் பழைய பட்டை. நீ என்னடா என்றால், தெரிந்த கணக்கில் வேண்டுமென்றே தோற்றுக் காட்டுகிறாய்.

ஆனால் சட்டம் சட்டம்தான். தோற்றவள் ஒரு கேள்விக்கு உண்மை சொல்ல வேண்டும். என் கேள்வி இதுதான்: நான் பொங்கலூர் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது நீ எங்கே இருந்தாய்?

இதோடு இன்னொரு பட்டை இருக்கிறது. இதை அரைச் சுற்று இல்லை, முழுச் சுற்று முறுக்கித் தைத்திருக்கிறேன். வெட்டிப் பார்.

நஞ்சம்மாள்

*

ஊத்துக்குளி
3-10-1988

அன்பு நஞ்சக்காவுக்கு, நாங்கள் எல்லோரும் சுகம். இனிமேல் சின்னம்மாவைக் கேட்டு எழுத முடியாதே என்று பேனாவை எடுத்ததும் தோன்றியது.

அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் கிணற்று மேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னம்மா அழுதாள். பெரியவர்கள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஒரு போட்டிதானே, அடுத்த வருஷம் போகலாம் என்று நினைத்தேன். பதினைந்து வயதில் அடுத்த வருஷம் என்று ஒன்று கட்டாயம் இருக்கிறது என்று நினைப்போம் அல்லவா? எனக்கும் அதுதான் கடைசிப் போட்டி.

உன் கேள்விக்குப் பதில். நான் வந்தேன் நஞ்சக்கா. போகாதே என்றுதான் சின்னம்மா சொன்னாள், பார்க்காதே என்று சொல்லவில்லை. தலை சீவி, யூனிபாரம் போட்டு, ஜாமெட்ரி பாக்ஸைக்கூட எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் சைக்கிள் கடை இருக்கிறதே, அதன் தட்டிக்குப் பின்னால் நின்றேன். நீ பச்சைத் தாவணி போட்டிருந்தாய். நான் வர வேண்டிய பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாய். ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் சத்தியத்தை விட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன். நீ திரும்பவே இல்லை.

மூன்று பஸ் என்று எழுதியிருந்தாய். உனக்கு எப்போதும் அவசரம், கணக்கில் இரண்டை விட்டுவிடுவாய். ஐந்து பஸ்ஸை விட்டாய். ஆறாவதில் ஏறினாய். எண்ணிக்கொண்டு நின்றவள் நான்.

பட்டையை வெட்டினேன். இரண்டு வளையம் வந்தது, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு. இவர் அரை மணி நேரம் பிரிக்கப் பார்த்துவிட்டு, "ஆவாது" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். அதைக் கன்றுக்குட்டிக்குப் போடவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன், நாலு நாள் இருப்பேன். காலை ஏழு மணிக்குத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில். ஊத்துக்குளியிலிருந்து வருகிற பஸ்களை இந்தத் தடவை நீ எண்ணு. ஒழுங்காக எண்ணு. முதல் பஸ்ஸிலேயே இருப்பேன்.

மயிலாத்தாள்